பாய்மர இழுவைப் படகுகள்: பழைய படங்களைப் பார்த்து நாம் செய்யும் தவறுகள்

கடலடியில் இழுத்துப்போகும் பைபோன்ற வலையான இழுவைமடி என்றதும் நமக்கு விசைப்படகின் டீசல் சத்தம்தான் நினைவுக்கு வரும். அதனால் விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தில் பாய்மரப் படகுகள் கடலடியில் மடி இழுத்தன என்றால் பலர் நம்புவதில்லை. இதுதான் முதல் தவறு. பிரிக்ஸம், ஹல், கிரிம்ஸ்பி, லோஸ்டாஃப்ட் துறைமுகங்களின் படகுகள் காற்றையும் நீரோட்டத்தையும் கொண்டே இழுத்தன. மடியின் வாய் மூடாதபடி மேல் விளிம்பில் ஒரு நீண்ட மர உத்தரம் இருக்கும். பெரிய படகுகளில் அது 40 அடியையும் தாண்டும். அதன் இரு முனைகளிலும் தரையில் சறுக்கிப்போகும் இரும்புச் சட்டங்கள். காற்று தளர்ந்து படகு ஊர்ந்தாலும் வாய் திறந்தே இருக்கும். நீரோட்டம் ஓடும் பக்கமாகவே மணிக்கணக்கில் இழுத்து, அது திரும்பும் வேளையில் மடியைத் தூக்குவார்கள்.

தூக்குவதுதான் முதுகை ஒடிக்கும் வேலை. நள்ளிரவோ பனியோ, ஐந்து பேரும் எழுந்து வந்து உருளையைத் தள்ளிச் சுற்றிக் கயிற்றை ஏற்ற வேண்டும். பின்னாளில் இதற்கென்றே சிறு கொதிகலனும் நீராவி உருளையும் வைத்தார்கள். பழைய புகைப்படத்தில் தளத்தின் மேல் சின்னப் புகைபோக்கி தெரிந்தால் அது நீராவிக் கப்பல் என்று முடிவு கட்டாதீர்கள். அந்த நீராவி கயிற்றை மட்டும்தான் இழுத்தது. படகை ஓட்டியது பாய்தான்.

செம்பழுப்புப் பாயை அழகுக்கான சாயம் என்று எண்ணுவதும் தவறு. துணி உளுத்துப்போகாமலிருக்க மரப்பட்டைச் சாறு, காவி, கொழுப்பு என்று பூசினார்கள். நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் காசுக்கட்டியும் கப்பலேறிப் போய் அந்தப் பாய்களிலும் வலைகளிலும் ஊறியது.

காலையில் போய் மாலையில் கரை திரும்பும் வாழ்க்கையாக இதைக் கற்பனை செய்வதுதான் என்னை அதிகம் வருத்தும் தவறு. இங்கிலாந்துக்குக் கிழக்கே வடகடலில், ஆழம் குறைந்த டாகர் மேட்டுப் பக்கம் படகுகள் கூட்டமாக நின்று, ஆறு முதல் எட்டு வாரம் கரையே காணாமல் மீன் பிடித்தன. மீன் மட்டும் லண்டன் பில்லிங்ஸ்கேட் சந்தைக்குப் போகும். அதற்காக ஆட்கள் மீன்பெட்டிகளைச் சிறு துடுப்புப் படகில் ஏற்றி, கொந்தளிக்கும் கடலில் தள்ளிப்போய், சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் ஒட்டி நின்று தூக்கிக் கொடுத்தார்கள். அந்தச் சில நிமிடங்களில் மூழ்கி இறந்தவர்கள் ஏராளம்.

படகின் சமையல்காரப் பையனைச் சாகசச் சிறுவனாக எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களில் பலர் ஏழைகள் விடுதியிலிருந்து தொழில் பயிலும் ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்ட பிள்ளைகள். ஓடிப்போனால் சிறை; 1870களில் கிரிம்ஸ்பிப் பையன்கள் பலர் லிங்கன் சிறையில் கிடந்தார்கள். 1882இல் ஹல் படகொன்றில் பையன் ஒருவனைக் கொடுமைப்படுத்திக் கொன்ற தலைவன் தூக்கிலிடப்பட்டான். பயிற்சிப் பையன்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் அடுத்த ஆண்டுதான் வந்தது.

எஞ்சின் இல்லாத காலம், ஆகவே கடலுக்குத் தீங்கில்லை என்று நினைப்பதும் சரியல்ல. உத்தரம் கட்டிய இழுவலையைப் பற்றி இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் 1376லேயே முறையீடு வந்தது. 1863இல் அமைந்த அரச ஆணையத்திடம் வடகிழக்குக் கரையின் தூண்டில் மீனவர்கள், மடி இழுப்பவர்கள் குஞ்சு மீனையும் அள்ளி அழிக்கிறார்கள் என்றார்கள். ஆணையம் ஏற்கவில்லை, 1866 அறிக்கை கட்டுப்பாடுகளையே நீக்கச் சொன்னது. ஆணையத்தில் இருந்த அறிவியலாளர் ஹக்ஸ்லி, 1883 லண்டன் மீன்வளக் கண்காட்சியில் பெருங்கடல் மீன்வளங்கள் அநேகமாக எல்லாமே வற்றாதவை என்று பேசினார். அப்போது கிரிம்ஸ்பியின் ஜோடியாக் என்ற நீராவி இழுவைக் கப்பல் கடலில் இறங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.