ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தை: முதுகையும் சிறுநீரையும் மறப்பவர்களுக்கு

சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்று ஆசனவாய் இல்லாமலோ, அது இடம் மாறியோ பிறக்கிறது. மலத்துக்கு வழி அமைப்பதில் எங்கள் பி.ஜி.க்கள் (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்கள்) கெட்டிக்காரர்கள். கோட்டை விடுவது வேறு இடங்களில், அதுவும் எங்கள் காலத்தில் விட்ட அதே இடங்களில்.

முதுகு ஸ்கேனை 'அப்புறம் பார்க்கலாம்' என்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தண்டுவடம் கீழே ஒட்டி இழுபட்டிருக்கும். சிறுநீர்ப்பைக்கும் காலுக்கும் போகும் நரம்புகள் அதனால் கெடலாம். முதல் மூன்று மாதம் வரை முதுகெலும்பின் பின்பக்கம் முழுசாக எலும்பாகாது என்பதால் சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே தண்டுவடத்தின் நுனி தெரியும். பால் குடித்துத் தூங்கும் பிள்ளையைக் கவிழ்த்துப் படுக்கவைத்தால் போதும். நாள் தாண்டினால் எம்.ஆர்.ஐ., அதற்கு மயக்க மருந்து, அதற்கொரு தேதி.

ஆறு வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். "பேன்ட்லயே ஒண்ணுக்குப் போயிடறான் சார், ஸ்கூல்ல மிஸ் திட்றாங்க" என்றார் அம்மா. பிறந்தபோது 'லோ' வகை (குடல் தோலுக்குப் பக்கத்திலேயே வந்து முடிவது), ஒரே சின்ன ஆபரேஷன். பழைய டிஸ்சார்ஜ் சீட்டில் 'முதுகு ஸ்கேன் - ஓ.பி.யில்' என்று எழுதியிருந்தது. எடுத்த பாடில்லை. வெளியே காட்டிக்கொடுக்கும்படி முதுகில் குழியோ முடிக்கற்றையோ கிடையாது. ஆனால் ஷூவைத் திருப்பிப் பார்த்தால் இடது காலுடையது மட்டும் வெளி ஓரத்தில் தேய்ந்திருந்தது. எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடம் கீழே ஒட்டியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தன. தண்டுவடத்தை விடுவித்தாயிற்று. சிறுநீர்ப்பை பழையபடி ஆகவில்லை. இன்றும் வேளை தவறாமல் குழாய் விட்டுத்தான் சிறுநீரை எடுக்கிறார்கள்.

'லோ' என்றால் முதுகில் கோளாறு இருக்காது என்று யார்தான் கிளப்பிவிட்டார்களோ! வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். டிஸ்சார்ஜுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

சிறுநீரக ஸ்கேனை ஒரு தடவையோடு நிறுத்துவது

பிறந்த முதல் இரண்டு நாள் சிறுநீர் குறைவாக ஊறும். வீக்கம் இருந்தாலும் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். அவசரம் என்றால் அன்றே எடுங்கள். சரி, நார்மல் என்று வந்தாலும் சில நாள் கழித்து மறுபடி எடுங்கள்.

பெண் குழந்தையில் துவாரங்களை எண்ணாதது

சிறுநீர், யோனி, மலம் என மூன்று வழியும் சேர்ந்து ஒரே துவாரமாக இருந்தால், யோனியில் நீர் தேங்கிச் சிறுநீர்க்குழாய்களை அழுத்துகிறதா என்று பாருங்கள். தேங்கியிருந்தால் கொலாஸ்டமி (மலம் வெளியேற வயிற்றில் போடும் வழி) வைக்கும்போதே வடித்துவிட வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பின் நழுவிய கதீட்டரை (சிறுநீர் வடிக்கும் குழாயை) தானே திரும்பச் செருகுவது

தொடாதீர்கள். சீனியரைக் கூப்பிடுங்கள்.

மலச்சிக்கலை விட்டுவிட்டு சிறுநீர் ஒழுகலுக்கு மாத்திரை எழுதுவது

மலம் நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை நெருக்கும். அந்த நிலையில் சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மாத்திரையான ஆக்சிபியூட்டினின் கொடுத்தால் மலச்சிக்கல் இன்னும் இறுகும். முதலில் வயிறு காலியாகட்டும். அப்புறமும் ஒழுகினால் சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு மாத்திரைக்கு வரலாம்.