ஊர் மூடினாலும் ஒருவர் விடாமல்: மாற்றுத்திறனாளிகள் குழுக்கள் தொடர்பில் இருக்க ஒரு வழிகாட்டி

கிராமத்திலோ ஒன்றிய அளவிலோ மாற்றுத்திறனாளிகள் சங்கம், சுய உதவிக் குழு என்று ஏதாவது ஒன்றை நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2020 மார்ச் 24 இரவு கொரோனா ஊரடங்கு அறிவிப்பு வந்தது, நள்ளிரவே நாடு மூடியது. மாதம் ஒருமுறை பஞ்சாயத்து அலுவலகத்திலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ கூடிக்கொண்டிருந்த குழுக்களுக்கு பஸ்ஸும் இல்லை, ஆட்டோவும் இல்லை, வண்டி தள்ளிக்கொண்டு வருகிற துணை ஆளும் வர முடியவில்லை. 2021 மே மாதம் மறுபடியும் முழு ஊரடங்கு. அடுத்த தொற்று வரட்டும் பார்க்கலாம் என்று இருக்கவும் முடியாது, 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பெய்த மழையிலும் ஊர் ஊராகத் துண்டித்துத்தான் கிடந்தன.

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. அந்தக் குரூப்பில் எழுதுகிறவர்கள் யார் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள், அதுவும் கைகால் பாதிப்பு உள்ள, படித்த, சொந்தமாக டச் போன் வைத்திருக்கிற ஆண்கள். மற்றவர்களுக்கு அதில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. செய்தி ஒவ்வொரு உறுப்பினருக்கும் அவருக்கு எட்டுகிற வழியில் போய்ச் சேர வேண்டும், அவர் சொல்வதும் நமக்குத் திரும்பி வர வேண்டும். இரண்டாவது பாதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம்.

நோட்டுப் புத்தகம்தான் முதல் வேலை

நல்ல நாளிலேயே, கூட்டம் நடக்கும்போதே, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், ஊர் எல்லாம் ஏற்கனவே இருக்கும், அது போதாது. போன் யாருடையது என்று கேளுங்கள், ஏனென்றால் உறுப்பினர் கொடுத்த நம்பர் பாதி நேரம் அண்ணனுடையதாகவோ பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ இருக்கும், அண்ணன் வேலைக்குப் போனால் போனும் போய்விடும். பட்டன் போனா, டச் போனா? எழுதப் படிக்கத் தெரியுமா? குரல் கேட்குமா, படம் தெரியுமா, சைகை மொழி தெரியுமா, இல்லை வீட்டாருக்கு மட்டும் புரிகிற சைகையா? எந்த நேரத்தில் தனியாகப் பேச முடியும்? போன் எடுக்காவிட்டால் நேரில் போய்ப் பார்த்துச் சொல்லக்கூடியவர் யார்?

அதே பக்கத்தில் கீழே, நின்றுபோனால் உயிருக்கு ஆபத்தானது எது என்று எழுதுங்கள். முதுகுத்தண்டுவடம் பாதித்தவருக்கு கதீட்டரும் (சிறுநீர் வெளியேற்றும் குழாய்) டயப்பரும், வலிப்பு உள்ளவருக்கு மாத்திரை, ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியாவுக்கு ஃபேக்டர் ஊசி, ரத்தக் குறைபாட்டு நோயான தலசீமியாவுக்கு ரத்தம். ஊரடங்கில் கடை திறந்திருந்தாலும் கதீட்டர் அளவு சொல்லத் தெரியாமல் தவறானதை வாங்கி வந்த கதைகள் உண்டு, அதனால் அளவு நம்பரையும் மாத்திரையின் மில்லிகிராமையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண், மத்திய அரசு தரும் தனித்துவ அடையாள எண்ணான யுடிஐடி எண், ரேஷன் கடை எது, அந்த ஊர் விஏஓ யார் என்பதும் வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதெல்லாம் ஒருவருடைய சொந்த விஷயம். எதற்காகக் கேட்கிறோம், யாரிடம் இருக்கும் என்று சொல்லி, அவர் சரி என்றால் மட்டும் எழுதுங்கள். சொல்ல விருப்பமில்லாத இடம் வெற்றாகவே இருக்கட்டும். நோட்டு இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், இரண்டு வேறு தெருவில். போட்டோ எடுத்து குரூப்பில் போடக் கூடாது.

போன் சங்கிலி

ஒருவர் எல்லாரையும் கூப்பிடுவது என்று ஆரம்பித்தால் இரண்டாம் வாரம் அவர் ஓய்ந்துவிடுவார். ஐந்து பேருக்கு ஒரு பொறுப்பாளர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: சாதாரண பட்டன் போனிலேயே கான்பரன்ஸ் கால் போடலாம், பொதுவாகக் கூப்பிடுகிறவர் போக ஐந்து பேர் வரைக்கும் சேர்க்கலாம். முதல் ஆளைக் கூப்பிட்டு, அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஆப்ஷனில் போய் இரண்டாவது ஆளுக்கு டயல் செய்து, அவர் எடுத்ததும் மெர்ஜ் அல்லது கான்பரன்ஸ் என்று வருவதை அழுத்தினால் மூவரும் ஒரே லைனில். இப்படியே அடுத்தவர். நெட் வேண்டாம், ஆப் வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டாம். கண் தெரியாத எங்கள் உறுப்பினர் ஒருவர் விரல் பழக்கத்திலேயே இதைச் செய்துவிடுவார், எங்கள் ஒன்றியத்தில் அவரைவிட வேகமாக லைன் சேர்க்க ஆள் கிடையாது.

பொறுப்பாளருக்கு ரீசார்ஜ் செலவைக் குழு சேமிப்பிலிருந்து கொடுங்கள். இதைத் தீர்மானமாகவே எழுதி வையுங்கள், ஒவ்வொரு மாதமும் கேட்டு வாங்கும் நிலையில் யாரையும் வைக்காதீர்கள். கூப்பிட்டு இரண்டு நாள் ஆகியும் எடுக்கவில்லை என்றால் நேரில் பார்க்க ஆள் போக வேண்டும். ‘சார்ஜ் இல்லாமல் இருக்கும்’ என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஒவ்வொருவருக்கும் அவருடைய வழி

பார்வையற்றவர்களுக்கு போஸ்டர் அனுப்பாதீர்கள். ஊரடங்குக் காலத்தில் அரசு அறிவிப்புகள் முக்கால்வாசி படமாகவும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாகவும்தான் சுற்றின, போன் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்கிற டாக்பேக் போன்ற திரை வாசிப்பான் அவற்றை ‘போட்டோ’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டது. ஒருவர் உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்து போட வேண்டும், அல்லது முழுவதையும் வாசித்து வாய்ஸ் மெசேஜாக அனுப்ப வேண்டும். அதில் உங்கள் கருத்தைக் கலக்காமல் முதலில் அறிவிப்பை மட்டும் வாசியுங்கள்.

காது கேளாதவர்களுக்கு அதே வாய்ஸ் மெசேஜால் ஒரு பயனும் இல்லை, அவர்களுக்கு எழுத்தும் வீடியோவும். ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம் போகாத, சைகை மொழியும் கற்காத காது கேளாதோர் கிராமங்களில் நிறையப் பேர், அவர்களுக்கு எழுத்தும் கைகொடுக்காது. அவருடைய சைகை புரிந்த ஒருவர், பெரும்பாலும் அக்காவோ அம்மாவோ, வீடியோ காலில் கூட இருக்க வேண்டும். வெளிச்சம் பேசுகிறவர் முகத்திலும் கையிலும் விழ வேண்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் கை கருப்பாகத்தான் தெரியும். நேரில் பார்க்கும்போது மாஸ்க் போட்டிருந்தால் உதடு பார்த்துப் புரிந்துகொள்கிறவருக்கு எல்லாமே போச்சு, தள்ளி நின்று மாஸ்க்கை இறக்கிப் பேசுங்கள் அல்லது எழுதிக் காட்டுங்கள். படிக்கத் தெரிந்தவர் என்றால் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் ஆப் தமிழ்ப் பேச்சை எழுத்தாகக் காட்டும். தப்பும் தவறுமாக வரும், விஷயம் புரிந்துவிடும்.

அறிவுசார் குறைபாடு உள்ள உறுப்பினர்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், குழுக்கள் அதிகம் கைவிட்டது இவர்களைத்தான். 1970களில் அமெரிக்காவின் ஓரிகானில் ‘பீப்பிள் ஃபர்ஸ்ட்’ என்று இவர்களே ஒன்றுகூடி எங்களைப் பற்றி நாங்களே பேசுவோம் என்று தொடங்கிய இயக்கம் எத்தனையோ நாடுகளுக்குப் பரவியது. நம் ஊரில் இன்னும் போனை எடுத்ததும் ‘அம்மாகிட்ட குடுப்பா’ என்கிறோம். அப்படிச் செய்யாதீர்கள். ஒரே ஆள், ஒரே நேரத்தில், வாரத்தில் அதே நாளில் கூப்பிடுங்கள். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு என்றால் நாலு மணிதான், அந்த போனுக்காக சட்டை மாற்றிக்கொண்டு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலில் ஒரு விஷயம் மட்டும் பேசுங்கள். சின்ன வாக்கியம். சொல்லிவிட்டு ‘புரிஞ்சுதா’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும், ‘இப்போ நீ எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். வெளியே போகக் கூடாது என்று சொல்வதோடு, எப்போது போகலாம், அதுவரை என்ன செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கம் உடைந்ததுதான் அவர்களுக்குப் பெரிய அடி.

மூளை முடக்குவாதத்தால் பேச்சு இழுத்து வருகிறவரிடம் வாக்கியத்தை நாம் முடித்து வைக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். போனில் அந்த மௌனம் நீளமாகத் தெரியும், தெரியட்டும். மனநலப் பிரச்சினை உள்ளவரிடம் ‘மாத்திரை போட்டீங்களா’ என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள், அதை வீட்டில் எல்லாரும் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

கூட்டமும் தீர்மானமும்

வீடியோவில் கூட்டம் நடத்த ஜூம், மீட் எதுவானாலும் சரி. ஜூமில் இலவசக் கணக்கு என்றால் நாற்பது நிமிடத்தில் துண்டிக்கும், அதற்குள் முடிகிற மாதிரி இரண்டு விஷயம் மட்டும் எடுங்கள். பேசுகிறவர் ஒவ்வொரு முறையும் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும், பார்வையற்றவருக்கும் சைகையில் மொழிபெயர்க்கிறவருக்கும் அது வேண்டும். சாட்டில் யாராவது எழுதினால் ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். தலைவர் என்பதற்காக ஒருவரே எல்லாக் கூட்டத்தையும் நடத்த வேண்டாம், மாற்றி மாற்றி நடத்துங்கள்.

நெட்டில் வர முடியாதவர்கள் இல்லாமல் தீர்மானம் போடக் கூடாது. முந்தைய வாரம் போன் சங்கிலியில் கேள்வியைச் சொல்லி, அவர்களுடைய பதிலைப் பொறுப்பாளர் கூட்டத்தில் வாசிக்கலாம். கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். அவசரம் என்று சொல்லி நாலு பேர் முடிவெடுத்துப் பழகினால் ஊரடங்கு முடிந்தபின்னும் அந்த நாலு பேர்தான் சங்கம்.

பேசுவதற்கு ஒரு வேலை வேண்டும்

‘சாப்டீங்களா, நல்லா இருக்கீங்களா’ என்று மட்டும் கேட்கிற போன் கால் சீக்கிரமே சலித்துவிடும். உரிமை கேட்கிற வேலை கையில் இருந்தால் குழு தானாகவே கூடும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 8வது பிரிவைப் படித்து எல்லாருக்கும் சொல்லுங்கள். பேரிடர்க் காலத்தில் சமமான பாதுகாப்பு நம் உரிமை என்கிறது அது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவாக வைத்திருக்க வேண்டும், ஆபத்து வந்தால் அவர்களுக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பதிவில் நாம் இருக்கிறோமா? கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள்.

2020 மார்ச் கடைசியில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை கொரோனாவுக்கென்றே வழிகாட்டுதல் அனுப்பியது, பராமரிப்பவர்கள் வந்துபோக அனுமதி, தகவல் அனைவருக்கும் புரிகிற வடிவில் என்று அதில் நல்ல விஷயங்கள் இருந்தன. ஆனால் சாலையில் நிறுத்துகிற காவலருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே. அதனால் அந்த மாதிரி ஆணை வந்தால் ஒரு பிரிண்ட் எடுத்துப் பராமரிப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு ஆயிரம் ரூபாய் கொடுத்தபோது அடையாள அட்டை இருந்தவர்களுக்குத்தான் கிடைத்தது. அட்டை இல்லாமல் வருடக்கணக்கில் அலைந்தவர்களுக்கு அதுவும் இல்லை. நோட்டில் அட்டை எண் எழுதச் சொன்னது இதற்காகத்தான், யாருக்கு இல்லை என்பது அந்த வெற்று இடத்தைப் பார்த்தாலே தெரியும், மருத்துவச் சான்று முகாம் நடக்கிற நாளில் அவர்களை முதலில் அனுப்புங்கள்.

மனு எழுதும்போது ‘எங்கள் உறுப்பினர்கள் சிரமப்படுகிறார்கள்’ என்று பொதுவாக எழுதினால் ஃபைலில் தூங்கும். ஊர் வாரியாக, விஏஓ யார், ரேஷன் கடை எது, இன்னாருக்கு இன்ன அளவு டயப்பர், இன்னாருக்கு அரிசி என்று பிரித்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் கலெக்டருக்கும் அனுப்புங்கள். பெயர் போட உறுப்பினர் சம்மதம் வேண்டும். அனுப்புவதற்கு முன் மனுவை போனில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள், அதில் அவர்கள் திருத்துவார்கள், திருத்தத்தான் வேண்டும். 2021இல் நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து தடுப்பூசி போடும் ஏற்பாடு வந்தபோதும் இப்படி வீடு வாரியான பட்டியல்தான் தேவைப்பட்டது.

வீட்டுக்குள்ளேயே பிரச்சினை என்றால்

ஒரு பெண் உறுப்பினரை அடிக்கிறவரும் பராமரிக்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்தப் பெண் போனில் என்ன சொல்ல முடியும்? பெண் உறுப்பினர்களுக்குப் பெண் பொறுப்பாளரே இருக்கட்டும். கூட்டம் நடக்கும் காலத்திலேயே ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், ‘பாஸ்புக் தொலைஞ்சு போச்சு’ என்கிற மாதிரி யாருக்கும் சந்தேகம் வராத ஒன்று. அதைச் சொன்னால் பொறுப்பாளர் ஆமா இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேள்வி கேட்க வேண்டும்: இப்போ பக்கத்துல இருக்காங்களா, நான் ஆள் அனுப்பட்டுமா? அவர் சரி என்றால் 181 பெண்கள் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். வீட்டு போனுக்கு இது பற்றி மெசேஜ் அனுப்பவே கூடாது.

ஊர் திறந்த பிறகு

பஸ் ஓட ஆரம்பித்ததும் போனை நிறுத்திவிட்டு பழையபடி கூட்டத்துக்கு மட்டும் திரும்பிவிடாதீர்கள். தசைச்சிதைவால் படுக்கையிலேயே இருப்பவர்கள், படி இறங்க முடியாதவர்கள், அழைத்து வர ஆளில்லாதவர்கள் பலர் ஊரடங்கில்தான் முதல்முறையாகச் சங்கக் கூட்டத்தில் பேசினார்கள், போன் வழியாக. அவர்கள் பெயர் அதற்கு முன்பும் ரிஜிஸ்டரில் இருந்தது, சந்தாவும் கட்டியிருந்தார்கள். நேரில் நடக்கிற கூட்டத்தின் நடுவில் ஒரு போனை ஸ்பீக்கரில் வைத்து அவர்களைச் சேர்த்துக்கொள்வது பெரிய வேலை இல்லை, சத்தம் குறைவான அறை மட்டும் இருந்தால் போதும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னறிவிப்பு இல்லாமல் சங்கிலியை ஓட்டிப் பாருங்கள். காலையில் ஒரு செய்தியை விட்டு, சாயங்காலத்துக்குள் கடைசி ஆளிடமிருந்து பதில் வந்ததா என்று பார்க்க வேண்டும். மாறிப்போன நம்பரும் தீர்ந்துபோன ரீசார்ஜும் அன்றைக்குத்தான் தெரியவரும், அன்றைக்கே நோட்டில் திருத்திவிடுங்கள்.