குற்றாலத்துப் பக்கம் விடுதி நடத்த வருகிறீர்களா? முதலில் துணி காயப்போட இடம் பாருங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் துணியோடு பழகியவள் நான். ஆனாலும் துணி காய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, இலஞ்சியில் ஐந்து அறைகளோடு விடுதி தொடங்கிய முதல் ஆடி மாதத்தில்தான் கற்றேன். மூன்று நாள் விடாத சாரல். சிவகாசியிலிருந்து ஏழு பேராக வந்த குடும்பத்துக்கு, அரைகுறையாகக் காய்ந்த விரிப்புகளை விரித்துவிட்டேன். விரிப்பில் முடை வாடை அடிப்பதாக மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பெரியம்மா பக்குவமாகச் சொன்னார். பாதி வாடகையைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வெட்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது. குடும்பத்தோடு இங்கே வர நினைப்பவர்கள் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஈரத்திலிருந்து என்றுதான் சொல்வேன்.

வீட்டை ஆனி, ஆடியில் பாருங்கள். தரகர்கள் பங்குனியில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அப்போது எல்லாச் சுவரும் காய்ந்துதான் இருக்கும். கேரளத்தில் கொட்டுகிற தென்மேற்கு மழையின் மிச்சத்தைச் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இங்கே தூவுகிறது. அதனால் மேற்குச் சுவர்தான் முதலில் நனையும். அந்தச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். கட்டிலுக்குப் பின்னால், அலமாரிக்குள் முகர்ந்து பாருங்கள். நாங்கள் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினோம். அந்த ஒரு வருட வாடகை வீண் செலவே இல்லை.

அடுத்தது துணி. விரிப்பு, தலையணை உறை, துண்டு மூன்றும் அறைக்கு மூன்று ஜோடி இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். சாரலில் ஐந்து வேண்டியிருந்தது. தடித்த பூத்துண்டு வாங்கவே வாங்காதீர்கள், இரண்டு நாளானாலும் காயாது. ஈரிழைத் துண்டு போதும். காற்று பட்டாலே உலர்ந்துவிடும். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு, மேற்குப் பக்கத்தை மட்டும் அடைத்து, மற்ற பக்கங்களைத் திறந்து விடுங்கள். கயிறுகளுக்கு இடையில் ஒரு முழமாவது இடைவெளி வேண்டும். நெருக்கிக் கட்டினால் ஒரு துணியின் ஈரம் அடுத்த துணிக்குப் போகும். கீழே இரண்டு மின்விசிறிகளை ஓட விடுங்கள். மின்கட்டணத்தைப் பார்த்து என் கணவர் முதலில் தயங்கினார். சிவகாசிக் குடும்பத்தை நினைவுபடுத்தினேன், பேசாமல் மூன்றாவது விசிறியும் வாங்கி வந்தார். இலவம்பஞ்சு மெத்தை கட்டிதட்டிவிடும். நுரை மெத்தைக்கு ரெக்சின் உறை போடுங்கள்.

வருகிறவர்களின் துணியையும் சேர்த்து எண்ண வேண்டும். அருவிக்கு வருகிறவர் ஒரு நாளைக்கு ஒருமுறை குளிப்பதில்லை. விடியற்காலையில் ஐந்தருவி, மத்தியானம் பழைய குற்றாலம், இரவில் பேரருவி என்று மூன்று முறை சொட்டச் சொட்ட வந்து நிற்பார். அறைக்கு வெளியே கொடியும் ஒரு வாளியும் வையுங்கள். வாசலிலிருந்து குளியலறை வரை சொரசொரப்பான தரை போடுங்கள். வழவழப்பான தரையில் வயதானவர் யாராவது விழுந்தால் நம்மால் தாங்க முடியாது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை இருக்கிறது. அதனால் அறையிலேயே எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்கள். அதற்கென்று பழைய வேட்டி இரண்டை மடித்து வைத்தேன், விரிப்புகள் தப்பின.

தண்ணீர் வரத்தைத் தினமும் காலையில் விசாரித்துச் சொல்வது விடுதிக்காரரின் கடமை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றது. நம் தலைக்கு மேலே வானம் வெளுத்திருந்தாலும் மலைக்குள் மழை பெய்துகொண்டிருக்கும். தடை போட்டிருக்கும் நாளில் யாராவது குறுக்கு வழி கேட்டால் நான் சொல்வதே இல்லை.

காகித வேலை அதிகமில்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாது: உள்ளாட்சி உரிமம், வணிக மின் இணைப்பு, சமைத்துக் கொடுத்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு, அடையாள அட்டை நகலோடு வருகைப் பதிவேடு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய விவரப் படிவத்தை அரசுக்கு அனுப்ப வேண்டும்.

இனி குடும்பம். பள்ளிக்கூடம் திறப்பதும் சீசன் தொடங்குவதும் ஒரே ஜூன் மாதத்தில்தான். பிள்ளைகளின் சேர்க்கையை ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். எங்கள் சமையலறைக்கும் விருந்தினர் கூடத்துக்கும் நடுவே கதவு போட்டு, இரவு எட்டு மணிக்கு மேல் தாழிட்டுவிடுவோம். அந்த நேரம் பிள்ளைகளுக்கானது. சமையல் என் அத்தையின் பொறுப்பு. மாமியாராக இருந்தாலும் அவருக்கு மாதச் சம்பளம் எடுத்து வைக்கிறோம். காலையில் இட்லி, இரவில் மிளகு ரசம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். அதற்கு மேல் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று அத்தை கறாராகச் சொல்லிவிட்டார். அது சரியான முடிவு.

சீசன் மூன்று மாதம்தான், சில வருடம் அதுவும் இல்லை. கார்த்திகை முதல் நாளிலிருந்து தை பிறக்கும் வரை ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். அவர்களுக்குக் கட்டில் தேவையில்லை. கூடத்தைக் கழுவிவிட்டு, பத்தமடைப் பக்கத்துக் கோரைப்பாய் விரித்து, குளிக்கத் தாராளமாகத் தண்ணீர் கொடுத்தால் மனம் நிறைந்து போவார்கள். அவர்களுக்கென்று தனிப் பாத்திரங்கள் வைத்திருக்கிறோம். பாய்களைச் சுவரோடு சாய்த்து வைக்காமல் பரணில் போடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

மாசியிலும் பங்குனியிலும் அறைகள் காலியாகவே கிடக்கும். அந்த இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவை ஆடி வருமானத்திலிருந்து முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். வெள்ளையடிப்பதும் மேற்குச் சுவர் வெடிப்பை அடைப்பதும் அப்போதுதான். சித்திரையில் மெத்தைகளை மூன்று நாள் வெயிலில் போட்டுப் புரட்டுவோம். வைகாசி கடைசியில் மலை உச்சியில் மேகம் உட்காரத் தொடங்கியதும், மாடிக் கயிறுகளை அவிழ்த்துவிட்டுப் புதுக்கயிறு கட்டுவோம்.