பினாங்கில் கடைசி இரண்டு நாளைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க

காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கமிருந்து தனியாகப் பினாங்கு கிளம்புகிற பிள்ளைகள் இப்போது அதிகம். 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவுக்கு விசா வேண்டாம் என்று ஆனதும், திருச்சியில் விமானம் ஏறுவது மதுரைக்கு பஸ் ஏறுகிற மாதிரி ஆகிவிட்டது. போய்வந்து படம் காட்டுவார்கள். முதல் நாலைந்து நாள் படங்கள் நன்றாக இருக்கும். கடைசி இரண்டு நாளில் பாதி பெட்டி, பாதி டாக்ஸி, நடுவில் ஒரு ஷாப்பிங் மால். ஊர் பிடித்துப்போய், சந்துபொந்தெல்லாம் பழகி, கேட்காமலே தே தாரிக், அதாவது அந்த ஊர் ஆற்றிய பால் டீ, மேஜைக்கு வருகிற நேரம் அது. சரியாக அப்போதுதான் எல்லாரும் சொதப்புகிறார்கள், ஒரு காலத்தில் நான் சொதப்பிய அதே வரிசையில்.

பாஸ்போர்ட்டை மறக்காதே, சார்ஜரை எடுத்து வை என்பதெல்லாம் இங்கே கிடையாது. அதை வீட்டில் சொல்லுவார்கள்.

நல்லதைக் கடைசி நாளுக்கு ஒதுக்கி வைப்பது

எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். "தண்ணீர்மலையும் கொடிமலையும் கடைசி நாளைக்கு வச்சிருக்கேண்ணே, நிறைவா முடிக்கணும்ல" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியூரில் கடைசி நாள் என்பது உங்கள் கையில் இருக்கிற நாள் அல்ல. மழை, கூட்டம், டிராபிக், நடை சாத்தும் நேரம் எல்லாம் சேர்ந்து அதைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

பள்ளத்தூர்ப் பையன் ஒருவன், எங்களுக்குத் தூரத்து உறவு. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் எட்டு நாள் இருந்தான். தண்ணீர்மலைத் தண்டாயுதபாணி கோயில் ஊருக்குள்ளேதான் இருக்கிறது, தாவரவியல் பூங்கா போகிற வழியில். நினைத்தால் எந்தக் காலையிலும் போய்விட்டு வந்திருக்கலாம். ஏழு நாளும் போகவில்லை. கடைசி நாள் சனிக்கிழமை. மாலை ஆறரைக்குப் பினாங்கிலிருந்து கோலாலம்பூர் விமானம், அங்கிருந்து இரவில் திருச்சிக்கு வேறொரு விமானம். இரண்டும் தனித்தனி டிக்கெட், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் கொடிமலைக்குப் போனான். பினாங்கு ஹில் என்கிற மலைதான் அது, மேலே ஏற 1923இல் ஓட ஆரம்பித்த மலை ரயில். இப்போது ஓடுவது புதுப் பெட்டிகள்தான், ஆனாலும் சனி, ஞாயிறு கூட்டத்துக்கு எந்தப் பெட்டியும் போதாது. ஏறுவதற்கு ஒரு வரிசை, இறங்குவதற்கு இன்னொரு வரிசை. மேலே போனால் முழுக்க மூடுபனி, ஜார்ஜ் டவுனும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. இறங்கி அடித்துப் பிடித்துத் தண்ணீர்மலைக்கு வந்தால் மதியம் நடை சாத்தியாயிற்று, நம்மூர்க் கோயில் மாதிரியேதான். அங்கேயாவது கிளம்பியிருக்க வேண்டும். "தண்ணீர்மலைக்குப் போனியா?" என்று ஊருக்கு வந்ததும் அப்பத்தா முதலில் கேட்கும் என்று பயந்து, சாயங்காலம் நடை திறக்கும்வரை உட்கார்ந்திருக்கிறான். தரிசனம் என்னவோ ஆயிற்று. அப்புறம் விமான நிலையம் இருக்கிற பாயன் லெப்பாஸுக்குப் போகும் சாலை. விமான நிலையம் ஜார்ஜ் டவுனிலிருந்து 16 கிலோமீட்டர் போலத்தான், ஆனால் வழியெல்லாம் தொழிற்சாலைகளும் மால்களும். சாயங்கால நெரிசலில் வண்டி நகரவே இல்லை.

முதல் விமானம் போனது. ஒரே டிக்கெட்டாக இருந்து, விமானம் தாமதமாகி இணைப்பு தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். இங்கே தாமதம் இவனுடையது, டிக்கெட்டும் தனித்தனி. இரண்டாவதும் போனது, அந்த நிறுவனத்துக்கு இவன் வராத பயணி, அவ்வளவுதான். இரண்டையும் புதிதாக வாங்கினான், கடைசி நேர விலையில். மொத்தப் பயணத்துக்குத் தங்கியதையும் தின்றதையும் கூட்டினால்கூட அவ்வளவு வராது.

பணம் போனது ஒரு பக்கம். 1857இலிருந்து அங்கேயே இருக்கிற கோயில், தைப்பூசத்துக்குப் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் வந்து சேருகிற இடம், நம்மூர்க்காரர்கள் கட்டி இன்றைக்கும் பார்த்துக்கொள்கிற கோயில். அங்கே போய் நிம்மதியாக நின்று கும்பிட முடியாமல், நிமிஷத்துக்கு ஒருமுறை போனில் மணி பார்த்திருக்கிறான். இதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆகவே எது முக்கியமோ அதை முதல் இரண்டு நாளில் முடியுங்கள். பினாங்கில் இறங்கிய மறுநாள் காலையே தண்ணீர்மலைக்குப் போங்கள். கொடிமலைக்கு வார நாளில், விடிந்ததும். பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திவைக்கும் நாட்களும் உண்டு, முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பனி மூடினால் இன்னொரு நாள் போக உங்களிடம் நாள் இருக்கும். கடைசி இரண்டு நாளில் ஏற்கெனவே பார்த்துப் பிடித்த இடங்களுக்கு மட்டும் திரும்பப் போங்கள், பட்டியலில் புதிதாக ஒன்றுகூட வேண்டாம். கூட்டம் வருவதற்கு முன் ஆர்மீனியன் தெருவில் ஒரு நடை, சாயங்காலம் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்குப் போகிற படகில் ஒரு சுற்று. திரும்பி வரும்போது மட்டும்தான் கட்டணம், அதுவும் சில்லறைக் காசு. முதல் நாள் பார்த்த தெருதான், ஆனால் இப்போது எந்த வீட்டு வாசலில் பூனை படுத்திருக்கும் என்பதுவரை உங்களுக்குத் தெரியும். இந்தச் சுகம் முதல் நாளில் கிடைக்காது.

கடைசி நேரத்தில் லங்காவி

வேண்டாம். அந்தத் தீவு தனிப் பயணம்.

விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலுக்கு மாறுவது

காலை ஆறு மணி விமானம் என்றால் சரி, நியாயம். மதிய விமானத்துக்கு முதல் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாயன் லெப்பாஸ் போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஊரின் கடைசிச் சாயங்காலத்தை அப்படியே விட்டுவிட்டு, தொழிற்பேட்டை ஓரத்து அறையில் உட்கார்ந்து டிவி பார்க்கப் போகிறீர்கள். பழைய அறையிலேயே இருங்கள், காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் போதும்.

சாமான் வாங்குவதற்கென்று ஒரு நாள்

கோடாலித் தைலம், மைலோ, சௌராஸ்தா சந்தையில் சாதிக்காய், தௌ சார் பியா பிஸ்கட். எதையும் வாங்காமல் வந்தால் வீட்டில் விடமாட்டார்கள், எனக்கும் தெரியும். ஆனால் அதை நடுவில் ஒரு மழை மதியத்தில் முடித்துவிடுங்கள். சிக்கன விமானங்களில் கைச்சாமான் 7 கிலோதான். கவுண்டரில் போய் எடைக்குப் பணம் கட்டுவதைவிட முன்கூட்டியே பெட்டிக்குக் கட்டுவது மலிவு. மைலோ டின்னை மட்டும் யோசியுங்கள், டின்னுக்கும் ஒரு கனம் உண்டு.

சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது

தனியாகப் போகிறவனுக்கு ஒரு வாரத்தில் நாலு பேர் பழக்கமாகிவிடுவார்கள். தினம் சாப்பிட்ட நாசி கண்டார் (சோறும் பலவகைக் குழம்பும்) கடைக்காரருக்கு ராமநாதபுரம் பக்கம் பூர்வீகமாக இருக்கும், உங்கள் பேச்சைக் கேட்டே ஊரைச் சொல்லிவிடுவார். அவரிடம் கடைசி நாள் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள், அன்றைக்கு அவர் லீவாக இருப்பார், வெள்ளிக்கிழமையானால் ஜும்மாவுக்குப் போயிருப்பார். அதற்கு முந்தின நாளே சொல்லுங்கள். குழம்பை இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவார், வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

ரிங்கிட் சில்லறையோடு ஊர் திரும்புவது

காசை யாரும் மாற்றித் தரமாட்டார்கள். தே தாரிக்கில் கரையுங்கள்.

விசா இல்லாமல் தங்கக்கூடிய 30 நாளை ஒரு மாதம் என்று எண்ணுவது

ஜனவரி 10 வந்தால் பிப்ரவரி 10 உங்களுக்கு 32ஆவது நாள்.

நள்ளிரவு விமானத் தேதி

15ஆம் தேதி 00.30 என்றால் 14ஆம் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15 ராத்திரி போய் நிற்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு நேரம் சொல்லும்போது

மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் திருச்சி இறங்கும் நேரம் என்று போட்டிருப்பது ஏற்கெனவே இந்திய நேரம்தான், அதிலிருந்து மறுபடியும் இரண்டரை மணியைக் கழிக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளை கழித்துச் சொல்லி, இரவு 9.55 விமானத்துக்கு அவன் அப்பா ஏழு மணிக்கே காரைக்குடியிலிருந்து வாடகைக் காரோடு வந்து நின்றார். டிரைவர் வெயிட்டிங் சார்ஜில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.