குடும்பத்துடன் கேரவனில் மதுரைக்கு: மூன்று நாள் பயணத்தைத் திட்டமிடும் முறை

கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை குடும்பம் முதன்முறையாகக் கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மதுரைக்கு வந்தபோது, நான் தொலைபேசியில் சொன்ன வழியில் வந்து, காலை பத்து மணிக்கு மாசி வீதிக்குள் மாட்டிக்கொண்டது. முன்னால் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு மினி லாரி, பின்னால் ஆட்டோக்கள். வண்டியின் பக்கவாட்டில் மடித்து வைத்திருந்த கூடாரச் சட்டம் ஒரு கடையின் தகரக் கூரையில் உரசிக்கொண்டு நின்றது. அங்கிருந்து வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சின்னவள் பயந்து அழுதுவிட்டாள். அதன் பிறகு அவர்கள் இரண்டு முறை வந்திருக்கிறார்கள். இரண்டு முறையும் வண்டி ஊருக்குள் நுழையவே இல்லை, இரண்டு பயணமும் நிம்மதியாக முடிந்தன. கேரவன் என்பது சக்கரம் வைத்த வீடு. அதை ஊருக்கு வெளியே ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, ஊரை ஆட்டோவிலும் பேருந்திலும் பார்க்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம் இதை வைத்துத்தான் அமைந்தவை.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

மதுரையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் கடுமையாக இருக்கும். தகரமும் கண்ணாடியுமாக இருக்கும் வண்டிக்குள் குழந்தைகளையும் பெரியவர்களையும் அந்த நாட்களில் தங்க வைப்பது நியாயமில்லை. சித்திரைத் திருவிழா நாட்களில், அதாவது மீனாட்சி திருக்கல்யாணம், தேரோட்டம், அழகர் ஆற்றில் இறங்குதல் ஆகியவை நடக்கும் நாட்களில், ஊர் முழுக்கப் போக்குவரத்து மாற்றப்பட்டிருக்கும் என்பதால், திருவிழாவைப் பார்க்க விரும்புகிறவர்கள் ரயிலில் வருவதே நல்லது. அக்டோபர், நவம்பர் மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம். என் தேர்வு மார்கழி. குளிர்ச்சி ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அடுத்த படியில் சொல்கிறேன். மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வருகையால் கோயிலில் கூட்டம் அதிகம் என்பதால், சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாட்களில் வரும்படி விடுமுறையை அமைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வண்டி நிற்கும் இடத்தை முடிவு செய்தல்

வண்டியைப் பதிவு செய்வதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். கேரவன்களுக்கென்றே மின் இணைப்பும் தண்ணீர்க் குழாயும் அமைந்த முகாம்கள் நம் பக்கத்தில் பழக்கத்தில் இல்லை. நாங்கள் கண்டுபிடித்த வழி கல்யாண மண்டபம். மார்கழியிலும் ஆடியிலும் நம் மக்கள் திருமணம் வைப்பதில்லை. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். சுற்றுச்சுவருக்குள் விரிந்த முற்றம், போர்வெல் தண்ணீர், வரிசையாகக் குளியலறைகள், இரவுக் காவலாளி ஆகிய எல்லாமே அங்கே இருக்கும். பொறுப்பாளரிடம் நேரில் பேசினால், மண்டபம் வேண்டாம், முற்றமும் ஒரு குளியலறையும் ஒரு மின் இணைப்பும் போதும் என்று கேட்டு, நாளுக்கு இவ்வளவு என்று பேசி முடித்துக்கொள்ளலாம். தொகையையும் நாட்களையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கமிருந்து வருகிறவர்களுக்குச் சமயநல்லூர், நாகமலை புதுக்கோட்டை ஆகிய பகுதிகள் வசதி. நான்கு வழிச்சாலையிலிருந்து நகர நெரிசலைத் தொடாமலே போய்ச் சேரலாம். சென்னை, திருச்சி பக்கமிருந்து வருகிறவர்கள் மேலூர் சாலையில் ஒத்தக்கடையை ஒட்டிப் பார்க்கலாம். காலையில் கண் விழித்தால் யானைமலை எதிரே படுத்திருக்கும்.

இடத்தைப் பார்க்கப் போகிறவர் கையில் ஓர் அளவு நாடா இருக்கட்டும். வாயில் வளைவின் உயரம், உள்ளே தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, வண்டி திரும்பத் தேவையான அகலம் ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். வண்டியின் உயரம் என்றால் கூரைமேல் இருக்கும் ஏசியையும் சேர்த்த உயரம். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநரின் கண்முன் ஒட்டி வையுங்கள். ரயில்வே பாலங்களுக்குக் கீழே செல்லும் சுரங்கப்பாதைகளில் அந்தச் சீட்டு உதவும்.

படி 3: வண்டியை வாடகைக்கு எடுத்தல்

முதன்முறை செல்கிறவர்கள் ஓட்டுநருடன் எடுப்பதே சரி. வாடகை வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட் இருக்க வேண்டும். நீங்களே ஓட்டுவதற்குத் தரும் வண்டி என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எடுக்காதீர்கள். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பது சிக்கலாகும். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட் ஆகியவற்றின் தேதிகளையும் ஃபாஸ்டாக் இருப்பையும் பார்த்துவிடுங்கள். ஓட்டுநர் இரவில் எங்கே படுப்பார் என்பதையும் அப்போதே பேச வேண்டும். அவர் தூங்கினால்தான் நாம் பத்திரமாகப் போய்ச் சேருவோம். மண்டபத்தில் அவருக்கு ஒரு அறை கேட்டு வாங்குவது நம் கடமை.

படி 4: மின்சாரம், தண்ணீர், கேஸ்

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். ஆகவே கணக்கோடு சொல்கிறேன்.

வண்டியில் வீட்டு உபயோகத்துக்கென்று தனி பேட்டரி இருக்கும். அது 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி கொண்ட லெட் ஆசிட் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். 12ஐ 150ஆல் பெருக்கினால் 1,800 வாட் மணி (ஒரு வாட் கருவி ஒரு மணி நேரம் ஓட ஆகும் மின்சாரம்தான் ஒரு வாட் மணி). அதைப் பாதிக்குக் கீழே இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதால், நமக்குக் கிடைப்பது 900. இருபது வாட் மின்விசிறி மூன்று, இரவு 9 மணி நேரம் ஓடினால் 540, விளக்குகளுக்கு 80, ஐந்து செல்போன்களுக்கு 75. மொத்தம் 695, ஓர் இரவுக்குத் தாராளம். ஆனால் ஒரு டன் ஏசி ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். இதே பேட்டரியில் அது ஒரு மணி நேரம்கூட ஓடாது. ஏசி வேண்டுமென்றால் மண்டபத்து மின் இணைப்பு அவசியம். அந்த இணைப்பை 15 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன் வயரும் அதற்கேற்ற தடிமனில் இருக்க வேண்டும். தங்கை குடும்பம் இரண்டாம் முறை வந்தபோது, 5 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டிய பிளக் அரை மணி நேரத்தில் இளகி, பேக்கலைட் கருகும் வாடை வந்தது. மாப்பிள்ளை உடனே மெயினை அணைத்ததால் தப்பினோம். இணைப்புக் கொடுத்துப் பத்து நிமிடம் கழித்து மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏசி வேண்டாம்.

தண்ணீர்: குளியலை மண்டபத்தில் வைத்துக்கொண்டால், சமையல், பாத்திரம், கைகால் கழுவுதல், கழிவறை எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் போதும். ஐந்து பேருக்கு 75 லிட்டர். 150 லிட்டர் தொட்டி இரண்டு நாள் வரும், ஆனால் அது 150 கிலோ எடை. பயணத்தின்போது பாதி நிரப்பி, வந்து சேர்ந்த பின் முழுதும் நிரப்புங்கள். குடிநீர் கேன் தனி. கழிவுநீர்க் குழாயின் கீழே வாளி வைத்து, மண்டபத்துச் சாக்கடையில் ஊற்றுங்கள்; கண்மாயிலோ வாய்க்காலிலோ ஒருபோதும் திறந்துவிடக் கூடாது.

கேஸ் சிலிண்டர் 5 கிலோ போதும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும். சமைக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

வண்டியை நிறுத்தியதும் சமையல் மேடையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வையுங்கள். அது உருளும் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று பொருள்; அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து, பழம் அசையாமல் நிற்கும்வரை சரிசெய்யுங்கள். சரிவில் நிற்கும் வண்டியில் இரவு முழுக்கத் தலை கீழாகப் படுத்தது போலிருக்கும். வயதானவர்களுக்கு இது பெரிய வேதனை.

படி 5: சாப்பாடு

முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் கட்டிக்கொள்ளுங்கள். மாவு கொண்டுவர வேண்டாம், புளித்துப் பொங்கிவிடும். வண்டியில் காபி, பால், கஞ்சி, குழந்தைக்கு ரசம் சாதம் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை ஊரில் சாப்பிடுவதே முறை. மதுரைக்கு வந்து கறிதோசையும் பருத்திப்பாலும் ஜிகர்தண்டாவும் சாப்பிடாமல் வண்டிக்குள் உப்புமா கிளறுவது வீண்.

படி 6: மூன்று நாட்களுக்கான நிரல்

கோயம்புத்தூரிலிருந்து சுமார் 215 கிலோமீட்டர். அதிகாலை 5 மணிக்குக் கிளம்பினால், நடுவில் இரண்டு இடங்களில் நின்றாலும், நண்பகலுக்குள் வந்துவிடலாம். முதல் நாள் மதியம் ஓய்வு. மாலை 4 மணிக்குக் கீழக்குயில்குடி சமணர் மலைக்குச் செல்லுங்கள். நாகமலை புதுக்கோட்டையில் தங்கினால் பக்கம்தான். அடிவாரத்தில் ஆலமரங்கள், தாமரைக் குளம், அய்யனார் கோயில்; மேலே பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள். ஏற முடியாத பெரியவர்கள் மர நிழலில் உட்கார்ந்திருக்கலாம். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் ஆட்டோ பிடித்து மீனாட்சி அம்மன் கோயிலுக்குச் சென்றுவிடுங்கள். 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பிறகு செல்போன் உள்ளே அனுமதியில்லை. வண்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு, பிரிந்தால் எந்தக் கோபுர வாசலில் சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஆடைக் கட்டுப்பாடு உண்டு. அரைக்கால் சட்டை கூடாது. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையே உத்தமம். அடுத்து, 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகால், காலை 9 மணிக்குத் திறக்கும். இன்று நிற்பது பழைய அரண்மனையின் நான்கில் ஒரு பங்குதான் என்று சொல்லிவிட்டுக் குழந்தைகளைத் தூண்களுக்கு நடுவே நிற்க வையுங்கள். வெயில் ஏறுமுன் வண்டிக்குத் திரும்பித் தூங்கி எழுந்து, மாலையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளக் கரையில் உட்காருங்கள். காந்தி நினைவு அருங்காட்சியகத்தையும் அதே நாளில் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து. சுட்டுக் கொல்லப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியை அவசரத்தில் பார்த்துவிட்டு நகரக் கூடாது.

மூன்றாம் நாள் காலை ஓர் இடம் மட்டும். பள்ளி செல்லும் குழந்தைகள் இருந்தால் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம். பெரியவர்களின் விருப்பம் முந்தினால் அழகர்கோயில். அழகர்கோயிலில் குரங்குகள் அதிகம். பழப்பை கையில் தெரியக் கூடாது.

படி 7: திரும்புதல்

பிற்பகல் 1 மணிக்குள் கிளம்பினால் இருட்டுவதற்கு முன் பெரும் பகுதித் தூரத்தைக் கடந்துவிடலாம். கிளம்புமுன் மின் இணைப்பைக் கழற்றி, ரெகுலேட்டரை மூடி, அலமாரிக் கதவுகளைப் பூட்டி, சக்கரத்தின் கீழிருந்த பலகைகளை எடுத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஒப்படைக்கும்போது பழைய கீறலுக்குப் பணம் கேட்டால் காட்ட உதவும். காவலாளியிடம் சொல்லிக்கொண்டு, முற்றத்தில் நம் குப்பை எதுவும் கிடக்கவில்லை என்று பார்த்துவிட்டு, வாயில் வளைவைக் கடக்கும்போது ஒருவர் கீழே இறங்கி நின்று ஓட்டுநருக்குக் கை காட்டுங்கள்.