நகரத்தில் எச்.ஐ.வி. பரவலைக் கண்காணிப்பது எப்படி?

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சோதித்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தனர். யாரைச் சோதிக்க வேண்டும் என்று முன்பே தீர்மானித்துத் தேடியதால் கிடைத்த விடை அது. நகரத்தில் பரவலைக் கண்காணிக்க முனைவோரும் அந்தத் தீர்மானத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

நம்பிக்கை மையங்களில், அதாவது அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்களில், தொற்று உறுதியானோரின் எண்ணிக்கையை மட்டும் பரவலின் அளவாகக் கொள்ளலாகாது. பரிசோதனை முகாம்கள் பெருகினால் அந்த எண்ணும் பெருகும்; சோதனைக் கருவிகளுக்குத் தட்டுப்பாடு வந்தால் அது குறையும்.

பொதுமக்களிடையே உள்ள நிலையை அறிய, கர்ப்பிணிகளுக்கான மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் நடைமுறையில், ஒவ்வொரு மையத்திலும் 15 முதல் 49 வயது வரையிலான 400 கர்ப்பிணிகள், வரும் வரிசையிலேயே, எவரையும் விலக்காமலும் தேர்ந்தெடுக்காமலும் சேர்க்கப்படுகின்றனர். அதே மையங்களில், அதே முறையில் மீண்டும் மீண்டும் செய்தால்தான் ஆண்டுகளை ஒப்பிட முடியும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணை அந்நகரவாசியாகப் பதிந்துவிடாமல், வழக்கமாக வசிக்கும் ஊரைக் கேட்டு எழுத வேண்டும். தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் வசதியுள்ளோர் இக்கணக்கில் வருவதில்லை என்பதையும் மறத்தலாகாது.

கடினமான பகுதி இதற்குப் பின்னரே வருகிறது. தொற்று அபாயம் மிகுந்த பாலியல் தொழிலாளர்கள், திருநங்கையர், ஆணுடன் உறவுகொள்ளும் ஆண்கள், ஊசிவழிப் போதை ஏற்றுவோர் ஆகியோரின் மொத்த எண்ணிக்கை எந்தப் பதிவேட்டிலும் இராது. அதை மதிப்பிட, எளிதில் மறக்கவியலாத ஒரு சிறு பொருளை, எடுத்துக்காட்டாக, அத்தகைய ஒரு பிரிவினரில் 200 பேருக்கு வழங்கலாம். பின்னர் வேறொரு குழு அதே இடங்களில் அப்பிரிவினர் 150 பேரைச் சந்திக்கையில், அவர்களில் 30 பேர் அப்பொருளைப் பெற்றிருந்தால், 200-ஐ 150-ஆல் பெருக்கி 30-ஆல் வகுக்க, ஏறத்தாழ 1,000 பேர் என்று வரும். கைபேசிச் செயலிகள் வழியாகச் சந்திப்போர் பூங்காவிலோ பேருந்து நிலையத்திலோ தென்படமாட்டார்கள் என்பதால் இன்று இம்முறை மட்டும் போதாது. ஒருவர் தமக்குத் தெரிந்தவர்களை அழைத்துவரும் சங்கிலி முறையையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முடிவுகளைப் படிப்பதிலும் நிதானம் தேவை. கூட்டு மருந்து சிகிச்சையால் மக்கள் நீண்டகாலம் வாழ்வதால், புதிய தொற்று குறையும்போதும் தொற்றுடன் வாழ்வோரின் விகிதம் உயரக்கூடும். ஆகவே 15 முதல் 24 வயதுக் கர்ப்பிணிகளிடையே உள்ள தொற்று விகிதத்தைத் தனியே பாருங்கள். அவ்வயதில் காணப்படும் தொற்று பெரும்பாலும் அண்மையில் ஏற்பட்டதாகவே இருக்கும்.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் தொற்று நிலையை வெளிப்படுத்துவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. பெயரை நீக்கினால் மட்டும் போதாது. ஒரு வார்டில் ஒருவரோ இருவரோ மட்டுமே தொற்றுடன் இருப்பதாக வரைபடம் காட்டினால், அக்கம்பக்கத்தார் ஆளை ஊகித்துவிடுவர். அத்தகைய வார்டுகளை இணைத்து, மண்டல அளவிலேயே எண்களை வெளியிட வேண்டும்.