கருக்கலைப்பு: சட்டம் கேட்பவையும் கேட்காதவையும்

மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 1971-இல் இயற்றியது. 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டம் 2021-இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. இருந்தும், கணவரின் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றும், திருமணமாகாதவர்களுக்கு இடமில்லை என்றும், போலீஸுக்குப் போகவேண்டியிருக்கும் என்றும் சொல்லித் திருப்பி அனுப்பப்படுகிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். இவற்றில் எதையும் சட்டம் வயதுவந்த பெண்ணிடம் கேட்கவில்லை. ஆனால் கேட்காத ஒன்றைத் தேடி அலைவதில் வாரங்கள் கழிந்துவிடுகின்றன. வாரம் கூடக் கூடச் சிகிச்சை கடினமாகிறது, சட்டத்தின் வாசலும் குறுகிக்கொண்டே போகிறது. ஆகவே இந்த வழிகாட்டியை வாரக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

கருவின் வயதை மருத்துவர்கள் உடலுறவு நடந்த நாளிலிருந்து கணக்கிடுவதில்லை. கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து கணக்கிடுகிறார்கள். அதனால் இருபத்தெட்டு நாள் சுழற்சி உள்ள ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போன அன்றே நான்கு வாரம் ஆகியிருக்கும். நாள் தள்ளியதும் மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டையை வாங்கிப் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களும் பால் கொடுத்துக்கொண்டிருப்பவர்களும் தேதியை நம்பி இருக்கக் கூடாது. ஸ்கேன்தான் சரியான வாரத்தைச் சொல்லும். கரு கருப்பைக்குள் இருக்கிறதா, கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்பதையும் அதே ஸ்கேன் காட்டிவிடும். குழாயில் தங்கிய கருவைக் கலைப்பு மாத்திரைகள் வெளியேற்றாது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் போவது வெறும் சம்பிரதாயமல்ல.

இருபது வாரம் வரை ஒரே ஒரு பதிவுபெற்ற மருத்துவரின் கருத்து போதும். கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உயிருக்கு ஆபத்து அல்லது உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடுமையான பாதிப்பு ஏற்படும் என்றோ, பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருக்கக் கூடிய வாய்ப்பு பெரிது என்றோ அவர் நல்லெண்ணத்துடன் கருத வேண்டும். கருத்தடை முறை தோற்றுப்போய் வந்த கர்ப்பம் தரும் மன வேதனையே கடுமையான மனநலப் பாதிப்பு என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. வன்புணர்ச்சியால் வந்த கர்ப்பத்துக்கும் அப்படியே. பழைய சட்டத்தில் இந்த விளக்கம் ‘மணமான பெண், அவளது கணவர்’ என்று இருந்தது. 2021 திருத்தம் அதை எந்தப் பெண்ணுக்கும் அவளது துணைவருக்கும் பொருந்துமாறு மாற்றியது. அவளுடைய வாழ்க்கைச் சூழலையும் மருத்துவர் கணக்கில் கொள்ளலாம் என்பதால், வறுமை, கைவிடப்பட்ட நிலை, வீட்டு வன்முறை போன்றவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒப்புதலைப் பொறுத்தவரை, பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய கையெழுத்து மட்டுமே வேண்டும். அதற்கான தாள் ‘சி’ படிவம். அதை வாசித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். கணவர், மாமியார், பெற்றோர் யாருடைய சம்மதத்தையும் சட்டம் கோரவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் மனநோய் உள்ளவர்களுக்கும் மட்டும் காப்பாளரின் எழுத்துவழி ஒப்புதல் தேவை. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு, குடும்பத்தாரின் சம்மதம், ஆவணச் சான்று, நீதிமன்ற அனுமதி என்று சட்டத்தில் இல்லாதவற்றை மருத்துவர்கள் கேட்பதை வெளிப்படையாகவே கண்டித்திருக்கிறது. வன்புணர்ச்சிக்கு உள்ளானவர் கருக்கலைப்புப் பெற முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்க வேண்டியதில்லை என்றும், கணவனின் பலாத்காரத்தால் வந்த கர்ப்பமும் இச்சட்டத்தின் நோக்கத்துக்கு வன்புணர்ச்சியால் வந்ததே என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. உங்கள் விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இதே ஒப்புதல் விதிக்கு மறுபக்கமும் இருக்கிறது: பெண் விரும்பாமல் யாரும் கருவைக் கலைக்கச் செய்ய முடியாது. 2009-இல் சண்டிகர் அரசுக் காப்பகத்தில் இருந்த, அறிவுத்திறன் குறைபாடுள்ள ஒரு பெண் தன் கர்ப்பத்தைத் தொடர விரும்பியபோது, உச்ச நீதிமன்றம் அவள் விருப்பத்தையே காத்தது. சம்மதமின்றிக் கருவைக் கலைப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம்.

அடுத்தது, எங்கே போவது. அரசு மருத்துவமனைகளுக்குத் தனி அங்கீகாரம் தேவையில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றின் மகளிர் நலப் பிரிவுக்கு நேரே போகலாம். சென்னையில் எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையும் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையும் இருக்கின்றன. தனியார் மருத்துவமனை என்றால், மாவட்டக் குழு வழங்கிய அங்கீகாரச் சான்று அங்கே பார்வையில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். வயதுச் சான்று, பழைய ஸ்கேன் தாள்கள், இரத்தப் பரிசோதனை முடிவுகள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். கலைப்பதென்றால் கூடவே குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொள்ள வேண்டும் என்று யாராவது நிபந்தனை போட்டால், அப்படி ஒரு விதியே இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஒன்பது வாரம் வரை மாத்திரைகளாலேயே கலைக்கலாம். முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஓரிரு நாள் இடைவெளியில் மிசோப்ரோஸ்டால் என்று இரண்டு மருந்துகள். இரண்டும் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை. கடும் இரத்தசோகை, இரத்த உறைதல் கோளாறு, கருப்பையில் காப்பர்-டி, இதயநோய் எது இருந்தாலும் முன்பே சொல்லிவிட வேண்டும். இரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு முதல் மூன்று மாதத்துக்குள் வெற்றிட உறிஞ்சல் முறை பயன்படும். கருப்பையைச் சுரண்டி எடுக்கும் பழைய டி அண்ட் சி முறையைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியிருப்பதால், எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

மாத்திரைக்குப் பின் மாதவிடாயைவிட அதிகமான உதிரமும் வயிற்றுவலியும் இருக்கும், அது இயல்பு. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய நாப்கின்கள் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலும், காய்ச்சல் விடாமல் இருந்தாலும், துர்நாற்றமுள்ள வெள்ளை பட்டாலும், மயக்கம் வந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். சுமார் இரண்டு வாரத்தில் மறுபரிசோதனை அவசியம், ஏனெனில் சிலருக்கு முழுமையாகக் கலையாமல் போகலாம். அப்படித் தொடரும் கர்ப்பத்தில் மிசோப்ரோஸ்டால் குழந்தைக்குக் குறைபாட்டை உண்டாக்கக்கூடும். அடுத்த மாதவிடாய் வருவதற்கு முன்பே மீண்டும் கருத்தரிக்கவும் முடியும் என்பதால், கருத்தடை பற்றிய பேச்சை அன்றே முடித்துவிடுவது நல்லது.

இருபது வாரம் தாண்டி இருபத்துநான்கு வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். விதிகள் குறிப்பிடும் நிலையில் உள்ள பெண்களுக்கே இது பொருந்தும். வன்புணர்ச்சிக்கோ நெருங்கிய உறவினரின் பாலியல் கொடுமைக்கோ ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள் அல்லது மணமுறிவு பெற்றவர்கள், கடும் உடல் ஊனம் உள்ளவர்கள், மனநோய் உள்ளவர்கள், கருவில் குறைபாடு கண்டறியப்பட்டவர்கள், பேரிடரில் சிக்கியவர்கள் ஆகியோர் அதில் அடங்குவர். மேற்சொன்ன 2022 தீர்ப்பால் திருமணமாகாத பெண்ணுக்கும் இந்த வழி திறந்தது. இருபத்துநான்கு வாரத்துக்குப் பிறகு, கருவில் பெரும் குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டறிந்தால் மட்டுமே வாரக் கணக்கு தடையாகாது. விண்ணப்பம் வந்த மூன்று நாளுக்குள் அக்குழு முடிவு சொல்ல வேண்டும். தாயின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவைப்பட்டால் எந்த வாரத்திலும் ஒரு மருத்துவரே செய்யலாம். இவை எதிலும் அடங்காதவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ரிட் மனு தாக்கல் செய்யலாம்.

பதினெட்டு வயது நிரம்பாதவர் கருவுற்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவர் போலீஸுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். இந்தப் பயத்தில்தான் குடும்பங்கள் போலி மருத்துவரைத் தேடிப் போகின்றன. சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அதை எடுத்துச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. வழக்கு நடத்த விரும்புவோர், கருத்திசுவை மரபணுச் சோதனைக்காகப் பாதுகாக்கும்படி சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெண் கரு என்பதற்காகக் கலைப்பதற்கு இந்த வழிகாட்டியில் இடமில்லை. கருவின் பாலினத்தைக் கண்டறிவதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் அந்தச் சட்டத்தைக் காட்டி, வேறு காரணத்துக்காக வருகிற பெண்ணை மருத்துவமனை திருப்பி அனுப்புவது தவறு.

விவாதம் இன்னும் முடியவில்லை. கருவான கணத்திலேயே உயிர் தொடங்குகிறது என்று கத்தோலிக்கத் திருச்சபை உள்ளிட்டோர் இச்சட்டத்தையே எதிர்க்கிறார்கள். குறைபாடுள்ள கருவுக்கு மட்டும் வார வரம்பை நீக்கியது ஊனமுற்றோரின் உயிரை மலிவாக்குகிறதே என்ற கேள்வியை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர், பால் கொடுக்கும் காலத்தில் கருவுற்றதை அறியாமல் இருந்து, இருபத்தாறு வாரத்தில் உச்ச நீதிமன்றத்தை நாடினார். இரு நீதிபதிகள் மாறுபட்ட கருத்துச் சொல்ல, மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. கரு ஆரோக்கியமாக இருக்கிறது என்பது ஒரு பக்கம், மனநோய்க்கு மருந்து உட்கொள்ளும் தாயின் வேண்டுகோள் மறுபக்கம். கருக்கலைப்பு இங்கே இன்னும் பெண்ணின் உரிமையாக எழுதப்படாமல், குற்றத்திலிருந்து மருத்துவருக்குத் தரப்பட்ட விலக்காகவே இருப்பதை அந்த வழக்கு காட்டியது. தொடக்க வாரங்களிலாவது அந்த முடிவு முழுக்க அவளுடையதாக இருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. இலங்கையில் இந்த அளவு இடம்கூட இல்லை. 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதிக்கிறது என்பதால், அங்குள்ள வாசகர்களுக்கு மேற்கண்ட சட்ட விவரங்கள் பொருந்தா.

மருத்துவமனை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த வேண்டுகோளே நிலைமையை மாற்றும். மாற்றாவிட்டால் அன்றே வேறொரு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள், புகாரை மாவட்டத்தின் மருத்துவ மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநருக்கு அனுப்பலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. வீட்டில் வன்முறை இருந்தால் 181, மனம் தளர்ந்தால் 14416.